நாலு வருஷத்துச் சிப்பாய்

முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919இல், அன்றைய இந்திய அரசு ஒரு வாரியத்தை அமைத்தது. இந்தியன் சோல்ஜர்ஸ் போர்டு என்று பெயர். அந்தப் போருக்காகக் கப்பலேறிய இந்தியச் சிப்பாய்களும் தொழிலாளர் படையினரும் பத்து லட்சத்துக்கு மேல். மெசபடோமியாவின் மணலிலும் பிரான்சின் சேற்றிலும் கிழக்கு ஆப்பிரிக்காவின் காய்ச்சலிலும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மற்றவர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சண்டைக்கென்று அவசரமாகச் சேர்க்கப்பட்டு, சண்டை முடிந்ததும் கணக்கு முடித்து அனுப்பப்பட்டவர்கள். ஒருவனுக்கு நிலம் வேண்டும், ஒருவனுக்கு வேலை வேண்டும். கை கால் இழந்தவனுக்கு உட்கார்ந்து செய்யும் தொழில் வேண்டும். செத்தவன் பெண்சாதிக்கு வரவேண்டிய பணம் எந்த ஆபீஸில் கிடக்கிறது என்று கண்டுபிடித்துக் கொடுக்க எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இதற்கெல்லாம் மேலே ஒரு போர்டும், கீழே மாவட்டங்களில் அதன் கிளைகளும் ஏற்பட்டன.

நன்றியுணர்ச்சி மட்டும் அதற்குக் காரணமல்ல. துப்பாக்கி பிடிக்கப் பழகிய லட்சம் பேர் வேலையில்லாமல் கிராமத்துக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்ற பயமும் வெள்ளைக்காரனுக்கு இருந்தது. ஆளெடுப்பு அதிகம் நடந்த பஞ்சாபில் மாவட்டச் சோல்ஜர் போர்டுகள் சிப்பாய்களின் குறையைக் கேட்டதோடு, அவர்கள் காங்கிரஸ் கூட்டத்துப் பக்கம் போய்விடாமலும் பார்த்துக்கொண்டன. ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருந்தது. ஒருவன் எத்தனை வருஷம் சேவித்தான் என்று அது கேட்கவில்லை. போனாயா, ஒழுங்காக வந்தாயா, அவ்வளவுதான்.

இதை எழுதும் நான் மூன்று தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய வீட்டில் பிறந்தவள். தாத்தா இரண்டாம் உலகப் போரில் லாரி ஓட்டியவர். அப்பா மெட்ராஸ் சேப்பர்ஸில் ஹவில்தார். அக்காள் மகன் இப்போது அக்னிவீர், நாலு வருஷத்துச் சிப்பாய். மூவரும் ஒரே வீட்டுத் திண்ணையிலிருந்து புறப்பட்டவர்கள். அந்தப் போர்டின் முன்னால் மூவருடைய நிலையும் மூன்று விதம்.

எங்கள் ஊர் குடியாத்தம் பக்கம். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் படைக்குப் போகாத ஊரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். வேலூருக்கு அருகே கம்மவான்பேட்டை என்ற ஊரை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். 'இந்த ஊரிலிருந்து 1914 முதல் 1919 வரையிலான பெரும் போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்' என்று ஆங்கிலத்தில் வெட்டிய கல் பழைய சென்னை மாகாணத்துக் கிராமங்கள் பலவற்றில் இன்றும் இருக்கிறது. எண்ணிக்கை இருக்கும், பெயர் இருக்காது. எந்தத் தெருப் பிள்ளை, யார் மகன் என்று அந்தக் கல்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

இத்தனை பேர் போன மாகாணத்தைத்தான் 'போர்க்குணம் இல்லாத இனம்' என்று வெள்ளைக்காரர்கள் முத்திரை குத்தினார்கள். 1758இல் தொடங்கிய மெட்ராஸ் காலாட்படையின் பட்டாலியன்களை ஒவ்வொன்றாகக் கலைத்து 1928இல் முழுக்க முடித்துவிட்டார்கள். அடுத்த போர் வந்ததும் அதே மெட்ராஸ் ரெஜிமெண்டைத் திரும்பத் திரட்டினார்கள். வேண்டாம் என்று அனுப்பியவர்களின் பிள்ளைகளையே வா வா என்று அழைத்தார்கள். என் தாத்தா 1941இல் அந்த அழைப்புக்குப் போனவர். காலாட்படைக்கு அல்ல, ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர்ப்ஸுக்கு. லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்து அஸ்ஸாமுக்கு அனுப்பினார்கள். திமாப்பூரிலிருந்து கோகிமா வழியாக இம்பாலுக்குப் போகும் மலைச்சாலையில் அரிசியும் பெட்ரோலும் குண்டும் ஏற்றிப் போனார். 1944இல் ஜப்பானியர்கள் அந்தச் சாலையை மறித்தபோது அவரும் அந்தப் பக்கம்தான் இருந்தார். அதைப்பற்றிக் கேட்டால் சாலையின் வளைவுகளைச் சொல்வார், மழையைச் சொல்வார். செத்தவர்களைச் சொல்ல மாட்டார்.

1946இல் அனுப்பிவிட்டார்கள். அந்தப் போரின்போது இந்தியப் படையில் இருந்தவர்கள் இருபத்தைந்து லட்சம் பேர். அமைதிக்காலத்தில் அத்தனை பேர் தேவையில்லை. ஜவான் ஒருவருக்கு ஓய்வூதியம் வேண்டுமென்றால் பதினைந்து வருஷச் சேவை வேண்டும். போருக்காகச் சேர்ந்தவர்களுக்கு நாலு, ஐந்து, ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. கையில் ஒரு தொகை, ஒரு ரயில் வாரண்ட், ஒரு டிஸ்சார்ஜ் சர்டிபிகேட். பர்மா ஸ்டார் உட்படப் பதக்கங்கள் பிறகு தபாலில் வந்தன. தாத்தா அந்தத் தொகையில் ஒரு ஜோடி மாடு வாங்கினார்.

ஓய்வூதியம் இல்லை. ஆனால் சோல்ஜர் போர்டு இருந்தது. எங்கள் பக்கத்தில் அந்த ஆபீஸுக்குப் பேரே அதுதான். பெயர்ப்பலகையில் பிற்காலத்தில் என்னென்னவோ எழுதினார்கள். கடற்படைக்காரரையும் விமானப்படைக்காரரையும் பெயரில் சேர்த்தார்கள். 1975இல் டெல்லியில் அது கேந்திரிய சைனிக் போர்டு ஆனது. தமிழ்நாட்டில் இப்போது முன்னாள் படைவீரர் நலத்துறை, மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம். கிழவர்கள் இன்னும் சோல்ஜர் போர்டு என்றுதான் சொல்கிறார்கள்.

அங்கே தாத்தா பெயர் பதிவேட்டில் ஏறியது. 1966க்கு முன் படையைவிட்டு வந்தவர்களுக்கு விதி எளிமையானது. எந்தப் பதவியில் இருந்தாலும் சரி, எவ்வளவு காலம் சேவித்தாலும் சரி, ஒழுங்கீனத்துக்காக விலக்கப்படாதவரை அவர் முன்னாள் படைவீரர். அந்த ஒரு அந்தஸ்து எங்கள் குடும்பத்துக்கு என்ன செய்தது என்பது எனக்குத் தெரியும். தர்க்காஸ்து நிலத்துக்கு மனு போட்டபோது முன்னாள் சிப்பாய் என்பதால் முன்னுரிமை கிடைத்து, ஏரிக்கு மேற்கே ஒரு கரட்டு நிலம் பட்டாவானது. அப்பாவும் சித்தப்பாவும் பள்ளிக்கூடம் போனபோது அந்தச் சான்றிதழ்தான் கூடப் போனது. ரெவின்யூ ஆபீஸில் நின்றுகொண்டிருந்த தாத்தாவை ஒரு குமாஸ்தா 'மிலிட்டரிக்காரரே, உட்காருங்க' என்று சொன்னதை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னது பெரிய விஷயமா என்று இன்று கேட்கலாம். 1950இல், எங்கள் தெருக்காரருக்கு, அது பெரிய விஷயம்.

வயதான பிறகுதான் கஷ்டம் வந்தது. மாடு ஓட்ட முடியவில்லை, கண் தெரியவில்லை. ஓய்வூதியம் இல்லாத உலகப் போர்ச் சிப்பாய்களுக்கு மாதம் ஒரு சிறு தொகை நிதியுதவி உண்டு என்று அப்பா எழுதிப் போட்டு வாங்கிக் கொடுத்தார். அந்த மாதிரி உதவிகளில் ஒரு பெரும் பங்கு எங்கிருந்து வருகிறது என்று நான் டீச்சராகச் சேர்ந்த பிறகுதான் முழுக்கப் புரிந்துகொண்டேன். கொடிநாள் வசூலிலிருந்து வருகிறது.

கொடிநாளைப்பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். 1949 ஆகஸ்ட் 28ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான குழு ஒன்று ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் தேதியைக் கொடிநாளாகக் கொண்டாடுவது என்று முடிவு செய்தது. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று முப்படைக்கும் மூன்று நிறம். சட்டையில் குண்டூசியால் குத்தும் காகிதக் கொடி. நான் படிக்கும்போது டின் உண்டியலைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவோம். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் சில்லறை போடுவார்கள். நான் டீச்சரான பிறகு கொடிகள் கட்டுக்கட்டாகப் பள்ளிக்கு வரும். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று கணக்கு. கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒவ்வொரு துறைக்கும் இலக்கு வரும், இலக்கைத் தாண்டினால் பாராட்டுச் சான்றிதழ். இப்போது ஆன்லைனில் கட்டலாம், வருமான வரி விலக்கும் உண்டு. பல தனித்தனி நிதிகளாகக் கிடந்ததை 1993இல் ஒன்றாக்கி ஆயுதப்படைக் கொடிநாள் நிதி என்று வைத்தார்கள். டெல்லி ஆர்.கே.புரத்தில் இருக்கும் கேந்திரிய சைனிக் போர்டு அதை நடத்துகிறது. பாதுகாப்பு அமைச்சர்தான் போர்டின் தலைவர்.

பிள்ளைகள் கேட்பார்கள், 'டீச்சர், இந்தக் காசு யாருக்குப் போகும்?' நான் எல்லையில் நிற்கும் சிப்பாயைச் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவரைச் சொல்வேன். கோகிமாச் சாலையில் லாரி ஓட்டியவர், இந்த ஊர்க்காரர், போய்ப் பாருங்கள் என்பேன். சில பிள்ளைகள் வந்து பார்த்தார்கள். தாத்தா அவர்களிடம் லாரிக்கு கியர் மாற்றுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்.

அந்தச் சில்லறையை நான் மதிக்கிறேன். கண்டக்டர் போட்ட எட்டணாவையும், மதியச் சோற்றுக் காசிலிருந்து பிள்ளை கொடுத்த ஒரு ரூபாயையும் மதிக்கிறேன். ஆனால் ஒரு நாட்டின் போருக்குப் போய்வந்தவரின் முதுமைச் சோறு அந்த நாட்டின் பட்ஜெட்டில் இருந்து வரவேண்டும் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஓய்வூதியம் உரிமை. உண்டியல் பணம் உதவி. உரிமைக்கு மனு போட்டு, வறுமையை நிரூபித்து, இரங்கச் சொல்லி நிற்கவேண்டியதில்லை. தாத்தா நின்றார். அவருக்குப் பின் பாட்டியும் நின்றாள்.

ஓய்வூதியம் இல்லாத, அறுபத்தைந்து வயது கடந்த, ஹவில்தார் அந்தஸ்து வரையிலான முன்னாள் சிப்பாய்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் போர்டு கொடுக்கும் வறியோர் உதவித்தொகை 2017இல் மாதம் 4,000 ரூபாய் ஆயிற்று. 2025 நவம்பர் முதல் வரும் விண்ணப்பங்களுக்கு அதை 8,000 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுப்பதும் மகள் கல்யாணத்துக்குக் கொடுப்பதும் அதே கையோடு இரட்டிப்பாயின. நல்லது, வாய்திறந்து வரவேற்கிறேன். 8,000 ரூபாய் வாங்கியிருக்கவேண்டிய உலகப் போர்க் கிழவர்களில் எங்கள் ஊரில் இன்று உயிரோடு ஒருவரும் இல்லை.

அப்பா கதை வேறு. 1966இல் பத்தொன்பது வயதில் பெங்களூரில் மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் சேர்ந்தார். அங்கே எல்லோரும் 'தம்பி'. பஞ்சாபி ஆபீசரும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். 1971 போரில் மேற்கு எல்லையில் டாங்குகள் போவதற்காகக் கண்ணிவெடி எடுத்துப் பாதை போட்டவர்களில் அவர் ஒருவர். 1984இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றபோது வயது முப்பத்தேழு. மூன்று பிள்ளைகள், கறுப்பு டிரங்குப் பெட்டி, அலகாபாத்திலிருந்து வந்த பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணை. தாத்தாவுக்கு இல்லாதது அப்பாவுக்கு இருந்தது. மாதாமாதம் ஓய்வூதியம், கேன்டீன் கார்டு, ரயிலில் மிலிட்டரி கோட்டா வழியாக ஊர்வந்து சேர்ந்த நண்பர்கள்.

முப்பத்தேழு வயதில் ஒருவன் வீட்டில் உட்கார முடியாது. ஆண்டுக்கு அறுபதாயிரம் பேர் இப்படி இளம் வயதில் படையைவிட்டு வெளியே வருகிறார்கள். அவர்களுக்கு இரண்டாவது வேலை தேடிக்கொடுப்பது போர்டின் வேலைகளில் பெரிது. மத்திய அரசில் சி பிரிவுப் பணிகளில் பத்து விழுக்காடு, டி பிரிவில் இருபது விழுக்காடு முன்னாள் படைவீரர்களுக்கு. வங்கிகளில் இன்னும் கூடுதல். அப்பா சோல்ஜர் போர்டில் பதிந்து காத்திருந்து ஒரு வங்கியில் துப்பாக்கிக் காவலராகச் சேர்ந்தார். கண்ணிவெடி எடுக்கத் தெரிந்த கைக்கு அதைவிட நல்ல வேலை இருந்திருக்கும். பாலம் கட்டவும் சாலை போடவும் தெரிந்தவர் அவர். அந்தத் திறமையைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்க அன்று யாரும் இல்லை. 1986இல் தமிழ்நாட்டில் டெக்ஸ்கோ என்ற முன்னாள் படைவீரர் கழகம் வந்தது. அதிலும் பெரும்பாலும் காவல் வேலைதான். ஐ.டி. கம்பெனி வாசலிலும் ஏ.டி.எம். வாசலிலும் நிற்கும் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், கார்கிலோ இலங்கையோ சியாச்சினோ வரும். இப்போது 'முதல்வரின் காக்கும் கரங்கள்' என்று சொந்தத் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடனும் முப்பது விழுக்காடு மானியமும் கொடுக்கும் திட்டத்தை மாநில அரசு கொண்டுவந்திருக்கிறது. அப்பாவுக்கு வயது தாண்டிவிட்டது. அவருடைய சங்கத்து இளையவர்கள் இருவர் மனு போட்டிருக்கிறார்கள்.

ஓய்வூதியத்திலும் ஒரு கோணல் இருந்தது. ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தை ஒட்டியது. ஒவ்வொரு சம்பளக் கமிஷனுக்கும் பின் வெளியே வந்தவர், அதே பதவி, அதே சேவைக்காலம் என்றாலும், முன்னால் வந்தவரைவிட அதிகம் வாங்கினார். 1971இல் சண்டை போட்ட ஹவில்தார் 2006க்குப் பின் வந்த ஹவில்தாரைவிடக் குறைவாக வாங்கினார். ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்ற கோரிக்கை பல பத்தாண்டுகள் பழையது. ஓய்வூதியம் அரசு போடும் பிச்சையல்ல என்று 1982 டிசம்பர் 17ஆம் தேதி நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதை அப்பா நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். 2015 ஜூன் மாதம் டெல்லி ஜந்தர் மந்தரில் கிழவர்கள் பதக்கத்தோடு உட்கார்ந்து தொடர் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அரசு ஏற்றுக்கொண்டது, நவம்பரில் ஆணை வந்தது, 2014 ஜூலை முதல் கணக்கு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தம். அப்பாவுக்கு நிலுவைத்தொகை வந்த நாளில் அவர் செய்த முதல் வேலை, பக்கத்துத் தெருவில் இருந்த சுபேதார் விதவைக்கும் வந்துவிட்டதா என்று போய்க் கேட்டது.

விதவைகளின் கதையைத் தனியாகவே எழுதவேண்டும். ஒரு சிப்பாய் செத்தால் அவர் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவி பெயர் எப்படி எழுதியிருக்கிறதோ அதுதான் வேதம். ஊரில் எல்லோரும் கூப்பிடும் பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, இந்திக்காரக் குமாஸ்தா காதில் விழுந்து எழுதியது இன்னொன்று. பெயரும் பிறந்த தேதியும் பொருந்தவில்லை என்றால் குடும்ப ஓய்வூதியம் நின்றுவிடும். ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதி, பதிவைத் திருத்தும் பார்ட் டூ ஆர்டர் போட வைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து சரிசெய்யவேண்டும். சோல்ஜர் போர்டின் நல அமைப்பாளர்கள் என்ற கீழ்நிலை ஊழியர்கள், அவர்களும் பழைய சிப்பாய்களே, இந்த வேலையைத்தான் ஆயுள் முழுக்கச் செய்தார்கள். கிராமம் கிராமமாகப் போய் எழுதத் தெரியாத பெண்களின் பெருவிரல் ரேகை வாங்கினார்கள். போர்டின் வரலாற்றை யாராவது முழுசாக எழுதினால் அமைச்சர்கள் பெயரைக் குறைத்துக்கொண்டு இவர்களுக்கு ஒரு நீண்ட அத்தியாயம் கொடுக்கவேண்டும். இப்போது ஸ்பர்ஷ் என்று எல்லாம் கணினியில் வந்துவிட்டது. வருஷா வருஷம் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வரிசையில் நிற்கவேண்டியதில்லை, முகத்தைக் காட்டினால் போதும். பெயர் பொருந்தாவிட்டால் கணினியும் நிறுத்திவிடுகிறது.

இன்னொரு விதி இருந்தது. வீரப்பதக்கம் பெற்று இறந்தவரின் மனைவிக்கு மாதப்படி உண்டு. அவள் மறுமணம் செய்தால் படி நின்றுபோகும், இறந்தவரின் உடன்பிறந்தவனைக் கட்டிக்கொண்டால் மட்டும் தொடரும். இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் ஒரு சர்க்கார், கொழுந்தனைக் கட்டு, இல்லையேல் பணமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2017 நவம்பரில்தான் அதை எடுத்தார்கள். அந்த ஆணை வரும்வரை எத்தனை பெண்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

மருத்துவம் நன்றாக முன்னேறியது. 2003 ஏப்ரலில் ஈ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் வந்தது. அதற்கு முன் ராணுவ ஆஸ்பத்திரியில் இடமிருந்தால் சேர்க்கை, இல்லாவிட்டால் சொந்தச் செலவு. எங்கள் பக்கத்திலிருந்து பெங்களூருக்கோ சென்னைக்கோ போகவேண்டும். இப்போது அருகிலேயே பாலிகிளினிக், கார்டைக் காட்டித் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்கலாம். அப்பாவின் முழங்கால் அறுவைச் சிகிச்சை அப்படித்தான் நடந்தது. அம்மாவின் சர்க்கரை மாத்திரையும் அங்கிருந்துதான் வருகிறது.

இவையெல்லாம் முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தைப் பற்றிக்கொண்டு வருபவை. அந்த அந்தஸ்துக்கு உரியவர் யார் என்ற விதி எங்கள் வீட்டுக்காரர்கள் கவனிக்காமலே சுருங்கிக்கொண்டு வந்திருக்கிறது. தாத்தா காலத்தில் எவ்வளவு காலம் சேவித்தாலும் போதும். பிறகு குறைந்தது ஆறுமாதம் என்றார்கள். அதற்குப் பின், தானாகக் கேட்டு விலகியவருக்கு ஐந்து வருஷம். 1987 ஜூலை முதல் ஓய்வூதியம் வாங்குபவர் என்பதுதான் பொதுவான அளவுகோல், காயத்தால் அனுப்பப்பட்டவர்கள் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் அரசிடம் ஒரு நிர்வாகக் காரணம் இருந்தது. சேர்த்து வைத்துப் பார்த்தால், ஓய்வூதியம் இல்லாதவர்களுக்காகப் பிறந்த போர்டு ஓய்வூதியம் உள்ளவர்களின் போர்டாக ஆகிவிட்டது.

2022 ஜூனில் அக்னிபத் என்ற ஆளெடுப்புத் திட்டத்தின் அறிவிப்பு வந்தது. அதில் சேர்பவர்தான் அக்னிவீர். நாலு வருஷச் சேவை, அதன்பின் நூற்றுக்கு இருபத்தைந்து பேரை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு ஊருக்குத் திரும்புவார்கள். ஓய்வூதியம் இல்லை, ஈ.சி.எச்.எஸ். இல்லை, கேன்டீன் இல்லை. முன்னாள் படைவீரர் அந்தஸ்தும் கிடையாது என்று அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். துணை ராணுவத்திலும் பாதுகாப்புத் துறை வேலைகளிலும் பத்து விழுக்காடு ஒதுக்கீடு, வயதுத் தளர்வு என்று பின்னால் அறிவித்தார்கள். படை இளமையாக இருக்கவேண்டும், ஓய்வூதியச் செலவு குறையவேண்டும் என்ற அரசின் வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. இமயத்தில் ஏற இருபது வயதுக் கால்கள் வேண்டும் என்பதை அப்பாவே ஒப்புக்கொள்வார்.

அக்காள் மகன் முதல் அணியிலேயே தேர்வானான். அக்னிவீர் என்று தோளில் பட்டை போட்ட போட்டோவை வாட்ஸாப்பில் அனுப்பினான். அப்பா அதைப் பிரிண்ட் எடுத்துத் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். பயல் இப்போது வடக்கே ஒரு மலைமுகாமில் இருக்கிறான். முதல் அணியில் சேர்ந்தவர்களுக்கு 2026 இறுதியிலும் 2027 தொடக்கத்திலுமாக நாலு வருஷம் முடிகிறது.

'சித்தி, இருபத்தஞ்சு பர்சென்ட்ல வந்துட்டா ஒண்ணும் கவலையில்ல' என்றான் போனில்.

'வரலன்னா?'

'பணம் வருது. ஏதாச்சும் செஞ்சுக்கலாம். ஆனா சித்தி, தாத்தாகிட்ட ஒண்ணு கேளுங்க. வெளிய வந்தா சோல்ஜர் போர்டுல என் பேர எழுதிக்குவாங்களான்னு கேளுங்க.'

எழுதிக்கொள்ள இன்றுள்ள விதியில் இடமில்லை. என் தாத்தா ஐந்து வருஷம்கூட முழுசாகச் சேவிக்கவில்லை. அந்நியன் கொடியின் கீழ் லாரி ஓட்டினார். அவர் பெயரை எழுதிக்கொண்டார்கள். அவருடைய கொள்ளுப்பேரன் நாலு வருஷம் சொந்த நாட்டின் கொடியின் கீழ், உறைபனியில் நிற்கிறான். அவன் பெயரை எழுத முடியாது. 11 லட்சம் பெரிய பணம்தான், தாத்தாவின் ஒரு ஜோடி மாட்டோடு ஒப்பிட்டால் மிகப் பெரியது. அது தீர்ந்துபோகும் பணம். எங்கள் குடும்பத்தை 1946க்குப் பின் தூக்கி நிறுத்தியது அந்த மாடல்ல. மாடு சில வருஷத்தில் செத்துப்போயிற்று. பதிவேட்டில் இருந்த பெயர் பட்டா வாங்கிக் கொடுத்தது, இரண்டு பையன்களைப் படிக்க வைத்தது, முதுமையில் கொஞ்சம் சோறு போட்டது, ஆபீஸில் ஒரு நாற்காலி கொடுத்தது. அதைத்தான் இந்தப் பிள்ளைகளுக்கு இல்லை என்கிறோம்.

ஓய்வூதியம் கொடுப்பதா இல்லையா என்பது பெரிய செலவுக் கணக்கு, பாராளுமன்றம் பேசட்டும். பெயரைப் பதிவது பெரிய செலவில்லை. நாலு வருஷம் ஒழுங்காக முடித்து வருகிற ஒவ்வொருவரையும் மாவட்டப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம். அவன் கற்றுவந்த தொழில் என்ன என்று எழுதிக்கொள்ளலாம். அவன் விபத்தில் கால் ஒடிந்து கிடந்தால் போய்ப் பார்க்க ஒரு நல அமைப்பாளர் இருக்கலாம். பிள்ளைகள் உண்டியலில் போடும் காசில் அவன் வீட்டுக்கும் பங்கிருக்கலாம். 1919இல் வெள்ளைக்காரன் அமைத்த போர்டு செய்த வேலை இதுதான். நாம் அமைத்துக்கொண்ட குடியரசு இதைச் செய்யாமல் இருப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

அப்பாவிடம் பேரனின் கேள்வியைச் சொன்னேன். எழுபத்தொன்பது வயதை நெருங்குகிறார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சங்கத்துத் தலைவருக்குப் போன் போட்டார். எங்கள் ஒன்றியத்து முன்னாள் படைவீரர் சங்கம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தின் பின்கூடத்தில் கூடும். அடுத்த கூட்டத்தில் அப்பா எழுந்து, அக்னிவீராகப் போய் வருபவர்களை நம் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்க்கவேண்டும், சந்தா பாதி போதும் என்றார். ஒரு நாயக் எழுந்து, 'அண்ணே, சர்க்காரே அவங்கள எக்ஸ் சர்வீஸ்மேன் இல்லன்னுது, நம்ம பைலாவுல எப்படிண்ணே சேக்கறது?' என்று கேட்டார்.

'சர்க்கார் ரூல சர்க்கார் பாத்துக்கட்டும். நம்ம பைலாவ எழுதினது யாரு? நாமதானே. எங்கப்பன் அஞ்சு வருஷம்கூட முடிக்கல, அவரு பேரு சோல்ஜர் போர்டு ரிஜிஸ்டர்ல இருந்துச்சு. இந்தப் பசங்க பேரு நம்ம ரிஜிஸ்டர்லயாவது இருக்கட்டும்' என்றார் அப்பா.

கை தூக்கச் சொன்னார்கள், எல்லாக் கையும் உயர்ந்தது. தீர்மானத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஒரு நகல் மாவட்ட அலுவலகத்துக்கு, ஒரு நகல் சென்னைக்கு, ஒரு நகல் ஆர்.கே.புரத்துக்கு. மூன்றும் பதிவுத் தபாலில் போயிருக்கின்றன. மற்ற ஒன்றியத்துச் சங்கங்களுக்கும் அதே தீர்மானத்தை அனுப்பும் வேலையை அப்பா இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார். விலாசம் எழுதுவது என் வேலை.